ழகரம் வராத இரண்டு கைகள்

எங்கள் ஊர் நாகலாபுரத்தில் மழை கேட்டுப் பாடும் கும்மிப்பாட்டு ஒன்று மூன்று நோட்டுகளில் இருக்கிறது. எழுதியவர்கள் அண்ணன் தம்பிகள்: வாத்தியாராக இருந்த பெரிய தாத்தா, எங்கள் தாத்தா, சின்னத் தாத்தா. மூலம் கரையானுக்குப் போய்விட்டது. நிலத்தகராறுக்குப் பிறகு பெரிய தாத்தா வீட்டோடு பேச்சுவார்த்தை கொஞ்சம்தான்.

எது எதைப் பார்த்து எழுதியது? மூன்றையும் டைப் அடித்து, வித்தியாசங்களை எண்ணச் சொல்லி ஒரு ப்ரோகிராம் ஓட்டினேன். எங்கள் நோட்டும் சின்னத் தாத்தா நோட்டும் நெருக்கம், பெரிய தாத்தாவுடையது தூரம் என்று வந்தது. பொங்கலன்று அதை எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டேன். "அப்ப நாங்க வேத்தாளா?" என்றார் பெரியம்மா.

எண்ணிக்கை சரிதான். எல்லா வித்தியாசத்துக்கும் ஒரே மார்க் போட்டதுதான் தப்பு. தம்பிகள் இருவருக்கும் ழகரம் வராது. 'மழை' இருவரிடமும் 'மளை'. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலே இருவரும் அதே பிழையைச் செய்வார்கள். வாத்தியார் கை தப்பவில்லை; அதனாலேயே அவர் தூரமாகத் தெரிந்தார்.

மரபணுவில் பரிணாம மரம் வரைபவர்களுக்கு இது பழைய தலைவலி. டிஎன்ஏவில் ஓர் எழுத்து இன்னொன்றாக மாற 12 வழிகள். அடினினும் குவானினும், சைட்டோசினும் தைமினும் தங்களுக்குள் மாறிக்கொள்வது அதில் 4 மட்டுமே. ஆனால் நடப்பதில் பெரும்பங்கு இந்த நாலுதான், மைட்டோகாண்ட்ரியாவில் இன்னும் அதிகம். அடிக்கடி நடப்பது இரண்டு கிளைகளில் தனித்தனியாகவும் நடக்கும். அதனால் அதற்கு மதிப்பு குறைவு. 1980இல் கிமுரா இந்த இரண்டு வகைக்கும் தனித்தனி வேகம் கொடுத்துக் கணக்குப் போட்டார். அதற்கு முன்பே, 1978இல், ஃபெல்சன்ஸ்டைன் பயமுறுத்தும் ஒன்றைக் காட்டியிருந்தார்: வேகமாக மாறும் இரண்டு கிளைகள், உறவில்லாமலே ஒட்டிக்கொள்ளலாம். அங்கே தரவு கூடக்கூடத் தப்பான மரத்தின் மீதுதான் நம்பிக்கை கூடும்.

நம் பதிப்பு மரபு இதை அறியாததல்ல. ஏட்டில் புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சரபம், சாபம் என்ற இரண்டும் ஒன்றாகத் தெரிவதை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். ஆனாலும் நம் விமர்சனத்தில் 'பெரும்பாலான சுவடிகளில் இப்படித்தான்' என்பது இன்றும் ஒரு வாதமாகச் செல்லுபடியாகிறது. பத்து சுவடிகள் ஒரு சுலபமான பிழையில் ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சியாகாது.

சரி, மார்க்கை யார் போடுவது? எனக்குப் பிடித்த மரம் வரும்வரை மாற்றிக்கொண்டே போகலாமே! அதனால் மரத்தைப் பார்க்காமல் அளக்க வேண்டும். பாட்டில் பல்லவி ஒவ்வொரு கண்ணிக்குப் பின்னும் வருகிறது. ஒரே கை, அதே வரியை எந்தெந்த இடத்தில் மாற்றி எழுதுகிறது என்று பார்த்தேன். ழகரமும் ரகர றகரமும் ஒரே நோட்டுக்குள்ளேயே ஆடின. அவற்றுக்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம் போட்டேன்.

மிஞ்சியதில் பெரியது, விடுபட்டுப்போன ஒரு கண்ணி. பாட்டு அந்தாதி, ஒரு கண்ணியின் கடைசிச் சொல் அடுத்ததன் முதல் சொல். எங்கள் நோட்டிலும் பெரிய தாத்தா நோட்டிலும் ஒரே இடத்தில் அந்தத் தொடர்பு அறுந்திருக்கிறது. சின்னத் தாத்தாவுடையதில் அறவில்லை. ஆகவே அது அங்கே சேர்த்ததல்ல, இங்கே தொலைந்தது. முன்பின் கண்ணிகள் ஒரே சொல்லில் தொடங்கியிருந்தால் கண் தாவியது என்று விட்டுவிடலாம். அப்படியும் இல்லை. ஒன்று, அண்ணனும் தம்பியும் ஒரே ஓட்டைப் பிரதியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அல்லது ஒருவரைப் பார்த்து மற்றவர்.

போய்ச் சொன்னேன். பெரியம்மா நோட்டை வாங்கி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல தொலைச்சிருக்காக" என்றார். காப்பி வந்தது.