ஸாரி, தேங்க் யூ, ப்ளீஸ்

அடையாறில் தோழி ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியில், சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் ஆங்கில டீச்சரா என்று வீட்டில் சிரித்தார்கள். வந்தவர்கள் ஏழெட்டுப் பெண்கள். ஈழத்திலிருந்து அகதியாக வந்து, முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவுசெய்துகொண்டு வாழ்பவர்கள். இருவரின் கணவர்கள் லண்டனில். அந்த நாட்டுக்கு மனைவியாகப் போக 2010 நவம்பரிலிருந்து ஆங்கிலத் தேர்வு உண்டு. 2015இல் அதற்காக வந்த ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் பெயர் ‘லைஃப் ஸ்கில்ஸ்’, வாழ்க்கைத் திறன்கள். இருவரை ஒன்றாக உட்காரவைத்து, கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசவிட்டுக் கேட்பார்கள். கடை, வீடு, உடல்நலம், போக்குவரத்து, வானிலை ஆகியவை தலைப்புகள். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி.

பெயர்தான் முதலில் உறுத்தியது. என் மாணவிகளில் ஒருவர் கைக்குழந்தையோடு மன்னாரில் படகேறி, அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை நின்றவர். அவருக்கு வாழத் தெரியுமா என்று சோதிக்க ஒரு பரீட்சை.

பாடப் புத்தகங்களை நகலெடுத்துக்கொண்டு போனேன். கவிதையில் வினைச்சொல்லைப் பார்க்கும் பழக்கம் எனக்கு. இவற்றிலும் அதையே பார்த்தேன். இவற்றில் வரும் புதிய குடியேறி வழி கேட்கிறாள், அனுமதி கேட்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், நன்றி சொல்கிறாள். மறுப்பதில்லை. கணக்குக் கேட்பதில்லை. வீட்டுக்காரர் நல்லவர், முதலாளி பொறுமைசாலி, பேருந்து நேரத்துக்கு வருகிறது. அவள் சரியான வாக்கியத்தைச் சொன்னதும் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இதை முதலில் கண்டவள் நானல்ல. எல்ஸா ஆவர்பாக், டெனிஸ் பர்ஜெஸ் என்ற இரு பெண்கள் 1985இலேயே அமெரிக்கப் பாடநூல்களைப் பிரித்துப் பார்த்து, பிழைப்புக்கான ஆங்கிலத்துக்குள் மறைந்திருக்கும் பாடத்திட்டம் கீழ்ப்படிதல்தான் என்று எழுதிவிட்டார்கள். வியத்நாம், லாவோஸ், கம்போடிய அகதிகளை அமெரிக்காவுக்கு அனுப்புமுன் பிலிப்பைன்ஸின் பத்தான் போன்ற இடங்களில் வைத்துப் பயிற்றுவித்ததைப் பற்றி ஜேம்ஸ் டோலஃப்சன் 1989இல் ஒரு நூலே எழுதினார். குறைந்த கூலி வேலைக்கு ஏற்ற மனத்தை அந்தப் பயிற்சி தயாரித்தது என்பது அவர் குற்றச்சாட்டு. இவர்களைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் கையிலிருந்த நகலில் அதே பெண் அதே நன்றியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பரீட்சையை எள்ளிவிட்டுப் போக முடியாது. தோற்றால் பிரிந்திருக்கப்போவது அவள். கட்டுரை எழுதும் நானல்ல. எனவே ‘ப்ளீஸ்’ஐயும் நடத்தினேன்.

அந்த மாடியில் எனக்குப் பிடிபட்ட இன்னொன்று ஆங்கிலத்தைப் பற்றியதல்ல. இந்தப் பெண்கள் ஏற்கெனவே ஓர் அந்நிய மொழியைப் பிழைப்புக்காகக் கற்றுத் தேர்ந்தவர்கள். அது சென்னைத் தமிழ். மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது ‘கதைக்கிறது’ பேசறதாகிவிடும், ‘விளங்குது’ புரியுதாகும், ‘குசினி’ கிச்சனாகும். வாய்தவறி ‘கெதியா’ என்றால் வீட்டுக்காரம்மாவின் முகம் மாறும். போலீஸ், பேப்பர் என்று பேச்சு வரும். என்னிடமும் முதல் மாதம் முழுக்க ‘மேடம்’தான். ‘ரீச்சர்’ என்று கூப்பிட நாளாயிற்று. ஈழக் கவிதைகளை வகுப்பில் உருகி உருகி நடத்தும் நான், அந்த மொழி பக்கத்துத் தெருவில் தன்னை ஒளித்துக்கொண்டு வாழ்வதைக் கேட்டதேயில்லை.

வாழ்க்கைத் திறன் என்ற சொல்லுக்கு நம்மிடமே வேறு பொருள் இருந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, யாரையும் கேட்காமல் கிளம்ப. ஊர் கேலி பேசியது, அவர்கள் ஓட்டினார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குவாரிக் குத்தகையே எடுத்தார்கள். அங்கே திறன் என்றால் இருப்பதற்குள் அடங்கிப்போவது அல்ல. அவர்கள் சொந்த ஊரில் இருந்தவர்கள், வாக்குரிமை உள்ளவர்கள் என்பதையும் மறக்கவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. என் மாணவிகளுக்கு சைக்கிள் மட்டும் போதாது.

கடைசி வாரங்களில் புத்தகத்தை மூடிவிட்டு உரையாடல்களை நாங்களே எழுதினோம். மருத்துவர் பாடத்தில், புத்தகத்துப் பெண் மாத்திரையை வாங்கிக்கொண்டு தேங்க் யூ டாக்டர் என்பாள். எங்கள் பெண், ‘வாட் இஸ் திஸ் ஃபார்?’ என்று கேட்டாள். வீடு பாடத்தில் அட்வான்ஸுக்கு ரசீது கேட்டாள். எழுதிக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ரீச்சர், இதை நான் இஞ்ச தமிழிலயே ஒருநாளும் கேட்டதில்ல.”

அடுத்த ஞாயிறு அந்த இரண்டு உரையாடல்களையும் தமிழில் நடித்துப் பார்த்தோம். வீட்டுக்காரம்மாவாக என்னை உட்காரவைத்தார்கள்.