கோடரியா, வயலினா? – லியோபோல்டு மோசார்ட்டின் பயிற்சி நூல்

வயலின் கற்கத் தொடங்குவோரின் முதற்சில மாதங்கள் கற்போர்க்கும் இன்பமானவை அல்ல. கேட்போர்க்கும் இன்பமானவை அல்ல. வீணைக்கும் கித்தாருக்கும் மெட்டுகள் உண்டு. வயலினின் விரற்பலகையிலோ விரலுக்கு வழிகாட்ட எதுவுமில்லை. இம்மியளவு விலகினாலும் சுரம் பிறழும். வில்லின் அழுத்தம், வேகம், அது தந்தியைத் தொடும் இடம் ஆகிய மூன்றும் இசைந்தாலன்றி நல்ல ஒலி பிறவாது. அழுத்தம் மிகுந்து வேகம் குறைந்தால் கீறலோசை எழும்; அழுத்தம் குறைந்து வேகம் மிகுந்தால் வெற்றுக்காற்றே எழும். இக்காலத்தில்தான் ‘பிள்ளைக்கு இசைஞானம் இல்லை’ என்று பெற்றோர் பலர் முடிவுகட்டி, வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகின்றனர். அம்முடிவு நேரியதா என்னும் வினாவோடு, ஐரோப்பாவின் புகழ்பெற்ற வயலின் பயிற்சி நூலொன்றை அணுகுவோம்.

1756 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ஆசிரியரின் மகன் வுல்ஃப்காங் மோசார்ட்டும் பிறந்தான். ஆசிரியர் லியோபோல்டு மோசார்ட், இயேசு சபையாரிடம் கல்வி பயின்றவர். சால்ஸ்பர்க் பேராயரின் அரசவை இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். பேராலயப் பாடற்சிறுவர்க்கு வயலின் கற்பித்தவர். எனவே இது ஏட்டறிவால் எழுந்த நூலன்று; வகுப்பறையில் விளைந்தது.

பன்னிரண்டு இயல்கள் கொண்ட இந்நூலின் பெருஞ்சிறப்பு, எதையும் மறைபொருளாக விடாமையே. கருவியையும் வில்லையும் பிடிக்கும் முறையைப் படங்களால் காட்டுகிறது. சரியான பிடியை மட்டுமன்றித் தவறான பிடியையும் வரைந்து எச்சரிக்கிறது. எவ்வளவு வன்மையான ஒலியும் ஒரு நுண்ணிய மென்மையுடனேயே தொடங்க வேண்டும் என்கிறது. அசையாதிருக்கும் தந்தியை வில் முதலில் இணக்கிக்கொள்ள வேண்டுமன்றோ? அடித்தெழுப்பினால் அது சீறவே செய்யும். இவ்வொரு குறிப்பை உணர்ந்த மாணவன் பல மாதக் கீறலோசையைத் தவிர்த்துவிடுவான். ஒவ்வொரு சுரத்தையும் காய்ச்சல் கண்டவர்போல் நடுக்கி வாசிப்போரை ஆசிரியர் எள்ளி நகையாடுவதும் பொருளுடையதே. நடுக்கம் சுரப்பிழைக்குப் போர்வையாகிவிடக் கூடாது.

எனினும் நூலின் இரு இடங்கள் நம்மை உறுத்துகின்றன. இசைக்குறியீடுகளை முழுதும் கற்குமுன் மாணவன் வயலினைத் தொடலாகாது என்பது ஒன்று. செவிவழியாகப் பாடல்களை அவசரமாகப் பழகுவோர் அடிப்படையை இழந்து, தம் வழியில் தாமே குறுக்கே நிற்பர் என்று ஆசிரியர் அஞ்சுகிறார். மற்றொன்று அதனினும் கடுமையானது. விரற்பலகையில் எழுத்துச் சீட்டுகளை ஒட்டிக் கற்பிக்கும் வழக்கத்தைக் கண்டிக்குமிடத்து, நல்ல செவியுள்ளவனுக்கு அவை வேண்டா என்கிறார். செவியில்லாதவனோ வயலினை விட்டு விறகு பிளக்கும் கோடரியை ஏந்துவதே மேல் என்கிறார்!

இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. முதல் நாளிலேயே மாணவனிடம் நல்ல செவியை எதிர்பார்க்கும் ஆசிரியர், அச்செவியைப் பண்படுத்தும் வழியாகிய கேட்டுப் பழகுதலை அஞ்சி விலக்குகிறார். விதைக்காத நிலத்தில் விளைச்சலைத் தேடுவது முறையாகுமா?

அவருடைய இல்லத்திலேயே இம்முறைக்கு ஒரு மறுப்பு எழுந்தது. ஏழு வயதும் நிரம்பாத வுல்ஃப்காங், பாடம் ஏதும் பெறாத நிலையில், பெரியோரோடு இரண்டாம் வயலின் வாசிக்க விரும்பினான். தந்தை மறுக்கவே அழுதான். அருகிலிருந்த குடும்ப நண்பர் ஷாக்ட்னர், தம்மோடு மெல்ல வாசிக்கட்டும் எனப் பரிந்துரைத்தார். சற்று நேரத்தில், தாம் அங்குத் தேவையில்லை என உணர்ந்து ஷாக்ட்னர் தம் வயலினைக் கீழே வைத்துவிட்டார். தந்தையின் கண்களில் நீர் வழிந்தது. இதனை அவரே 1792 இல் எழுதிய மடலொன்றில் நினைவுகூர்ந்துள்ளார்.

மேதையைக் கொண்டு எல்லார்க்கும் விதி வகுத்தல் ஆகாது என்பர். உண்மைதான். ஆனால் சாதாரணக் குழந்தைகளுக்காகவே எழுந்த மாற்றுவழி ஒன்றும் உண்டு. ஜப்பானியரான ஷினிச்சி சுசுகி 1946 இல் மாட்சுமோட்டோ நகரில் தம் பணியைத் தொடங்கினார். எல்லாக் குழந்தைகளும் தாய்மொழியைக் கேட்டே பேசுகின்றன; அவ்வாறே இசையையும் கற்கும் என்பது அவர் கொள்கை. எனவே நாள்தோறும் இசைப்பதிவுகளைக் கேட்கச் செய்தார். தாயையும் உடன் கற்கச் செய்தார். எழுத்தைப் பின்னுக்கு வைத்தார். செவி பிறப்போடு வரும் பேறன்று, வளர்க்கப்படுவது என்பதற்கு அவர்தம் மாணவர் ஆயிரக்கணக்கானோர் சான்றாயினர். ஆயினும் எழுத்தைத் தாமதித்ததால் குறியீட்டைப் பார்த்து வாசிக்கத் தடுமாறுவோர் உளர் என்ற குறையும் அம்முறையின்மேல் சாட்டப்படுகிறது. லியோபோல்டின் அச்சம் முற்றிலும் வீணன்று.

ஆகவே நம் தீர்ப்பு இதுவே: கையையும் வில்லையும் பற்றி இந்நூல் சொல்வதை இன்றும் பின்பற்றலாம், கோடரிச் சொல்லை மட்டும் நீக்கிவிட வேண்டும். தனித்து வாசித்துக் கைதட்டல் பெறுவோனைவிட, இசைக்குழுவில் பிறரோடு இயைந்து வாசிப்பவனே மேலானவன் என்று இறுதி இயலில் போற்றுகிறாரே, அங்கேதான் லியோபோல்டு என்னும் ஆசிரியரின் உள்ளம் தெரிகிறது. இயைந்து வாசிக்க அரிய மேதைமை வேண்டுவதில்லை. கேட்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமையைப் பிள்ளைகள் கற்குமுன் பெற்றோர் கற்கட்டும். கீறலோசை எழும் வீட்டில் முதலில் வேண்டுவது தீர்ப்பன்று, காத்திருப்பே.