இசை நாடகப் பதிவுகளின் ஒலித்திறம்

நாடகம் நிகழும்போதே மறையும் கலை. திரை வீழ்ந்தபின் எஞ்சுவன நூலில் உள்ள உரையும் கண்டோர் நினைவுமே. இசை நாடகத்திற்கோ இக்குறை இன்னும் பெரிது. பாட்டின் சொல்லும் சுரக்குறிப்பும் எஞ்சினாலும், அதனை முதன்முதற் பாடிய குரல் காற்றோடு கலந்துவிடுகின்றது. நாடகத்தை முதலில் மேடையேற்றிய நடிகரையும் வாத்தியக் குழுவினரையும் கொண்டே அதன் பாடல்களைத் தட்டிற் பதியும் வழக்கம் இக்குறையை நீக்க எழுந்தது. நியூயோர்க்கின் புறோட்வே அரங்குகளைச் சார்ந்து வளர்ந்த இத்தகைய பதிவுகள், 1940களிலிருந்து இசை நாடக வரலாற்றின் முதுசொம்மாக மதிக்கப்பட்டு வருகின்றன.

ஆயின், அவற்றின் ஒலித்திறம் பற்றிப் பேசுவோர் இரு திறத்தினராவர். கருவி திருந்தத் திருந்த ஒலியும் திருந்தும், ஆதலின் பிந்திய பதிவே சிறந்தது என்பர் ஒரு சாரார். இரைச்சலும் கீறலும் பழமையின் அழகு, ஆதலின் முந்தியதே சிறந்தது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் ஆராயாது கொள்ளத்தக்கன அல்ல. நாடகப் பதிவொன்றின் ஒலி நன்று என்பதற்கு அளவுகோல் யாது என்பதே முதற்கண் தெளிய வேண்டிய வினா.

றொஜேர்ஸ், ஹமர்ஸ்ரைன் ஆகிய இருவர் இயற்றிய 'ஒக்லகோமா!' 1943 மார்ச் 31இல் அரங்கேறியது. அமெரிக்க இசைவாணர் சங்கம் 1942 ஓகஸ்ட் முதல் ஒலிப்பதிவை மறுத்து வேலைநிறுத்தஞ் செய்துவந்தமையால் அதனை உடனே பதிய இயலவில்லை. டெக்கா நிறுவனம் சங்கத்தோடு உடன்பாடு கண்டபின், ஒக்ரோபரிலே பதிவு நிகழ்ந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். ஆறு தட்டுகளின் பன்னிரு பக்கங்களில் நாடகத்தின் இசை அடக்கப்பட்டது. அதன் ஒலி குறுகியது. வயலின்களின் மேற்றாயி மெலிந்து கேட்கும். பல குரல் சேருமிடத்து ஒன்றையொன்று நெருக்கும். எனினும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகச் செவிப்படுகின்றது. ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைவரை குரலை எட்டச் செய்யப் பழகிய நடிகர் அவர். கருவி தரவியலாததை அவர்தம் பயிற்சி ஈடுசெய்தது.

இப்பதிவில் உண்மையாகக் குறை கூறத்தக்க இடம் வேறு. முதற்றொகுதியில் விடுபட்ட மூன்று பாடல்கள் பின்னர் இரண்டாந் தொகுதியாக வெளிவந்தன. அவற்றுள், ஜட் என்னும் கொடிய பாத்திரம் தன் தனிமையை நினைந்து பாடும் பாடலை, மேடையில் அப்பாத்திரத்தை ஏற்ற ஹொவேட் டா சில்வா பாடவில்லை. கதாநாயகனாக நடித்த அல்பிரட் டிறேக் பாடினார். பாடியவர் வல்லவரே, ஒலியும் பழுதன்று. ஆயினும் மேடையில் அப்பாடல் எவ்வாறு ஒலித்தது என்பதற்குத் தட்டுச் சான்றாகவில்லை. ஒலி தெளிந்தும் சாட்சி பிழைத்தது. நாடகப் பதிவுக்குத் தெளிவோடு வாய்மையும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

1948இற் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நீளிசைத் தட்டினை வெளியிட்டது. மறு ஆண்டில் அரங்கேறிய 'சவுத் பசிபிக்' நாடகத்தை அந்நிறுவனத்தின் கோடாட் லீபர்சன் பதிவு செய்தார். முன்னர் தேவாலயமாயிருந்த உயர்ந்த கட்டடம் ஒன்று அந்நிறுவனத்தின் முப்பதாந் தெருப் பதிவுக்கூடமாக்கப்பட்டிருந்தது. பதிவு அங்கேயே நிகழ்ந்தது. அதன் உயர்ந்த கூரை ஒலிக்கு ஒரு விரிவையும் ஈரத்தையும் நல்கிற்று. திரைச்சீலையும் சனத்திரளும் ஒலியை உறிஞ்சும் அரங்கில் இவ்விரிவு இராது. ஆகவே இது அரங்கொலியின் படியன்று; செவிக்கென்றே கட்டிய வேறோர் அரங்கு எனலாம். ஒப்பெறா மேடையினின்று வந்த எசியோ பின்சாவின் கனத்த கீழ்க்குரலும், மேரி மாட்டினின் பேச்சோடு இயைந்த இலகு குரலும் ஒன்றையொன்று விழுங்காது நிற்பது லீபர்சனின் தேர்ச்சிக்குச் சான்று. அதே அமர்வுகளின் காந்த நாடாப் பதிவு நெடுங்காலம் பயன்படாது கிடந்தது. 1988இற் சோனி நிறுவனம் கொலம்பியாவை வாங்கியபின்னரே அந்நாடாவினின்று இறுவட்டு வெளியாயிற்று. நாற்பதாண்டாகக் கேட்டோர் பதிவின் குறை எனக் கருதியவற்றுட் சில, தட்டாக்கிய முறையின் குறையேயாதல் கூடும் என்பதை இது உணர்த்துகின்றது.

பேணாட் ஷோவின் 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவிய 'மை பெயர் லேடி' இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகும். அது 1956 மார்ச் 15இல் அரங்கேறி, பத்து நாளில், ஒருதட ஒலியிற் பதியப்பட்டது. ஸ்டீரியோ எனப்படும் இருதட ஒலித் தட்டு 1958இற் சந்தைக்கு வந்தபின், இலண்டன் மேடையில் நடித்துக்கொண்டிருந்த றெக்ஸ் ஹரிசன், ஜூலி அன்றூஸ் முதலியோரைக் கொண்டே 1959இல் மீண்டும் பதிந்தனர். நடிகரும் பாடலும் அவையே. கருவி மாத்திரம் மேம்பட்டது. பிந்தியதில் வாத்தியங்கள் பரந்து, தனித்தனியே கேட்கின்றன. எனினும் முந்தியதன் துடிப்பு அதிலில்லை. ஹரிசனின் பாட்டு, பாதி பேச்சு. அதன் உயிர் சொல் வெடிக்கும் கணத்திலும் சொல்லுக்குமுன் வரும் சிறு தயக்கத்திலும் உள்ளது. அரங்கேறிய சூட்டில் அது புதிதாய்ப் பிறந்தது. நூற்றுக்கணக்கான இரவுகள் கழிந்தபின் பழக்கமாயிற்று. இங்கே கருவி வென்றது, கணம் தோற்றது.

இதனால் இருதட ஒலி வீண் என்று முடித்தல் தகாது. 1957 செப்ரெம்பர் 26இல் அரங்கேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' மூன்று நாளில், இருதட ஒலியிலும் பதியப்பட்டது. பகை கொண்ட இரு கூட்டத்தாரும், காதலர் இருவரும், அனித்தாவும் ஒரே வேளையில் தத்தம் எண்ணத்தைப் பாடும் ஐங்குரற் பகுதியில், இழைகளைப் பிரித்தறியும் வாய்ப்பு நாடகப் பொருளையே விளக்குகின்றது. புதுக்கருவி இங்கு நாடகத்திற்கு ஏவல் செய்தது. இதற்கு மாறாக, ஒருதடத்திற் பதிந்தவற்றின் மேலொலியையும் கீழொலியையும் இரு பக்கமாகப் பிரித்து, எதிரொலி கூட்டி, 'ஸ்டீரியோ' எனப் பெயரிட்டு 1960களிற் பல நிறுவனங்கள் விற்றன. பாடுவோன் குரலே இரண்டாகப் பிளந்து நிற்கும் அம்முறை திருத்தமன்று, சிதைவே.

ஒலித்திறத்தினும் பெரிய குறையொன்றுண்டு. 1956இல் 'த மோஸ்ட் ஹப்பி பெலா' நாடகத்தை உரையாடலோடு மூன்று நீளிசைத் தட்டுகளில் லீபர்சன் வெளியிட்டார். 1971இல் அரங்கேறிய ஸ்டீபன் சொண்ட்ஹைமின் 'பொலீஸ்' நாடகமோ, கப்பிற்றல் நிறுவனத்தால் ஒரே தட்டிற் சுருக்கப்பட்டது. சில பாடல்கள் நீக்கப்பட்டன, சில வெட்டப்பட்டன. பதிந்த இரைச்சலைப் பின்னாளிற் குறைக்கலாம். பதியாத பாட்டை எக்கருவியாலும் மீட்க முடியாது.

ஆகவே, பதிவின் சிறப்பு கருவியின் வயதில் இல்லை. சொல் தெளிதல், குரல்களிடையே இடைவெளி பேணல், மேடையிற் பாடியோரே பாடல், முழுமை குன்றாமை ஆகிய நான்குமே அளவுகோலாம். பழைய பதிவுகளை மீண்டும் வெளியிடுவோர் இரைச்சலை அகற்றும் ஆர்வத்தில் மெய்யெழுத்தொலிகளின் கூர்மையையும் சேர்த்து அகற்றுவராயின், பதரோடு மணியையும் தூற்றியவராவர். கேட்போர்க்கும் ஒரு கடமையுண்டு: இரைச்சலைக் கேளாது அதன்பின் நிற்கும் குரலைக் கேட்கச் செவியைப் பழக்குதல் அது. அவ்வாறு பழகிய செவிக்கு, 1943இல் ஒலித்த குரல் இன்றும் இளமை மாறாது ஒலிக்கும்.