நீலியின் கண்ணீரும் நாகாட்டோவின் வலியும்

பொய்யாக அழுபவரைக் கண்டால் அதை ‘நீலிக் கண்ணீர்’ என்கிறோம். தமிழர் வாழும் இடமெல்லாம் வழங்கும் இத்தொடருக்கு ஓர் ஊர் உண்டு. காஞ்சிபுரத்திற்கு வடக்கே, திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூரே அது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சியைச் சுட்டுவதால் கதையின் பழமை விளங்கும். ஏனாத்தூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் பிறந்த இக்கதையை, நீலி ஏன் அழுதாள் என்ற வினாவோடு நாம் படித்ததுண்டா?

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாக அறியப்பட்ட வடிவம் இது: காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவன், தன்னை நம்பி உடன்வந்த மனைவியை வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகவும் அவள் நீலி என்னும் பேயாகவும் எதிர்ப்படுகின்றனர். வணிகனின் கையில் காவலாக ஒரு மந்திர வாள் இருக்கிறது. நீலி பெண்ணுருக் கொண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ‘கணவர் என்னைக் கைவிடுகிறார்’ என்று பழையனூர் வேளாளர் 70 பேர் கூடிய அவையில் அழுது முறையிடுகிறாள். அவையோர் அக்கண்ணீரை நம்பி, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, வணிகனின் உயிருக்கு ஊறு நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களித்து அவனை அவளுடன் அனுப்புகின்றனர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடக்கிறான். 70 பேரும் சொன்ன சொல் தவறாது தீயில் இறங்கி உயிர்விடுகின்றனர்.

வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக இதனைப் போற்றுவதே மரபு. அது தகும். ஆயினும் நீலி கொலையுண்டவள் என்பதை மறத்தலாகாது. அவள் முதலில் சிந்திய கண்ணீர் மெய்யானது. அதனை எந்த அவையும் கேட்கவில்லை. வேடம் பூண்டு அழுதபோதுதான் அவை செவிசாய்த்தது. இன்று அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை மொழி மறந்துவிட்டது. அவள் செய்த வஞ்சத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. பழிவாங்குதல் பகைவனின் உயிரோடு நிற்பதில்லை. வாக்குக்குக் கட்டுப்பட்ட 70 பேரை அழிக்கிறது, பாதிக்கப்பட்டவரின் நியாயத்தையும் பறித்துக்கொள்கிறது. தொடக்க நூலில் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூவியது நீதிக்கான குரல். ஆனால், அதே அதிகாரம் முடிவதற்குள் இலாமேக்கு எழுபத்தேழு மடங்கு பழியைப் பற்றிப் பெருமை பேசுகிறான். நீதியின் குரலுக்கும் பழியின் குரலுக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவு குறுகியது.

நம் இளைஞர் கைப்பேசியில் விரும்பிப் பார்க்கும் ஜப்பானிய நிஞ்சா கதையான ‘நருட்டோ’வும் இதே வினாவை எழுப்புகிறது. மசாஷி கிஷிமோட்டோ எழுதி வரைந்து, 1999 முதல் 2014 வரை வார இதழில் வெளிவந்து, 72 தொகுதிகளாக நிறைவுற்ற சித்திரக்கதை அது. 2002 முதல் அனிமேத் தொடராகவும் உலகெங்கும் பரவியது. அதில் வரும் நாகாட்டோ, வல்லரசுகளின் போர்க்களமாகிப்போன ஒரு சிறு நாட்டின் பிள்ளை. கோனோஹா என்னும் ஊரின் வீரர்கள் அவன் பெற்றோரைக் கொன்றார்கள். அமைதிக்காக உழைத்த அவன் நண்பன் யாஹிகோவும் சூழ்ச்சியால் மாண்டான். அதன்பின் நாகாட்டோ ‘வலி’ எனப் பொருள்படும் ‘பெயின்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு, தான் பட்டதை உலகமும் படவேண்டும் என்று கோனோஹாவைத் தரைமட்டமாக்குகிறான். நருட்டோவின் ஆசிரியரான ஜிராய்யாவைக் கொன்றவனும் அவனே.

பழிதீர்க்க எல்லாக் காரணமும் உள்ள நருட்டோ, அவனை நேரில் கண்டதும் கொல்லவில்லை. ‘உன் கதையைச் சொல்’ என்று கேட்கிறான். வாள்வீச்சு நிறைந்த ஒரு கேளிக்கைக் கதையில் இது வியக்கத்தக்க இடம். பழையனூர் அவை செய்யாததை இந்தச் சிறுவன் செய்கிறான்.

நீலிக்கும் ஒரு மனமாற்றக் கதை தமிழில் உண்டு. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய ‘நீலகேசி’ அது. அ. சக்கரவர்த்தி 1936-இல் பதிப்பித்த இச்சமண நூலில், உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் துறவியை அச்சுறுத்த நீலி வருகிறாள். அவர் அஞ்சவில்லை, பெண்ணழகு காட்டியும் அவர் அசையவில்லை. தோற்ற நீலி அவருக்கே மாணவியாகி, பிற சமயத்தாரோடு வாதிடப் புறப்படுகிறாள். பேயையும் திருத்தலாம் என்று நம்பிய அப்புலவரின் துணிவு பெரிது. எனினும், இங்கும் அவளுடைய பழைய காயத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவள் அறிவு வெல்லப்படுகிறது, நெஞ்சு ஆற்றப்படவில்லை.

அந்த வகையில் நாகாட்டோவின் கதை ஒருபடி மேலே நிற்கிறது. ஆனால், அதன் முடிவில் ஒரு குறை உண்டு. மனம் மாறிய நாகாட்டோ தன் உயிரைக் கொடுத்து, தான் அந்த ஊரில் கொன்றவர்களை எல்லாம் எழுப்பிவிடுகிறான். கதாசிரியருக்கு அது எளிது. பழையனூரில் தீயில் இறங்கிய 70 பேரும் திரும்பி வரவில்லை. நம் இல்லங்களிலும் பழியால் விளைந்த இழப்புகள் அவ்வாறு மீள்வதில்லை. இழப்பு இருந்தபடியே இருக்க, மன்னிப்பு இயலுமா என்பதே மெய்யான வினா.

உயிர்த்த ஆண்டவர் இவ்வினாவுக்கு விடையாக நிற்கிறார். கைவிட்டு ஓடிய சீடர்களுக்கு அவர் முதலில் வழங்கியது அமைதி. உடனே காட்டியது தம் காயங்களை. உயிர்ப்பு அக்காயங்களை மறைத்துவிடவில்லை. 1981-இல் தம்மைச் சுட்ட அலி அக்காவைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983-இல் சிறையில் சந்தித்து உரையாடினார். ஆனால், அக்கா 2000 வரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தார். மன்னிப்பு நடந்ததை நடவாததாக்குவதன்று. நீதிக்கு விடுமுறை தருவதுமன்று.

பாகப்பிரிவினையில் வஞ்சிக்கப்பட்ட தம்பியிடமும், புகுந்த வீட்டில் அவமதிக்கப்பட்ட பெண்ணிடமும் ‘மன்னித்துவிடு’ என்று அவசரமாகச் சொல்லிவிடுகிறோம். அருள்பணியாளர்களும் இதற்கு விலக்கல்லர். கேளாமல் சொல்லும் அச்சொல், காயம்பட்டவரின் வாயை அடைத்துவிடுகிறது. அடைக்கப்பட்ட குரல் பின்னர் வேறு வேடத்தில் வரும். ஆகவே மெய்யான கண்ணீர் சிந்தும் காலத்திலேயே அருகமர்ந்து கேட்போம். கேட்டபின் மன்னிப்பைப் பற்றிப் பேசுவோம்.