அமெரிக்க லாரி ஓட்டுநரின் தினப்படி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுந்தூரச் சரக்கு லாரி ஓட்டும் ஒருவரின் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், பல கம்பெனிகளில் மைல் கணக்கிலான கூலி ஓரிடத்திலும் தினப்படி என்ற தொகை வேறோரிடத்திலும் பிரித்து எழுதப்பட்டிருப்பதையும், முதல் தொகையில் மட்டுமே வரிகள் பிடிக்கப்பட்டு இரண்டாவது தொகை முழுதாக அவர் கைக்கு வந்து சேர்வதையும் காணலாம். வண்டியிலேயே படுத்து உறங்கி, நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்து நிலையங்களில் கிடைத்ததைக் கேட்ட விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அந்தச் சாப்பாட்டுச் செலவு தொழிலின் செலவேயன்றி வருமானம் ஆகாது என்பதே இந்த ஏற்பாட்டின் ஆதாரத் தத்துவம். அந்தத் தத்துவம் நியாயமானது. உணவுக்கெல்லாம் ரசீது கேட்டுத் தொந்தரவு செய்யாமல், உள்நாட்டுப் பயணத்துக்கு நாளொன்றுக்கு 80 டாலர் வரையில் ஒப்புக்கொள்வதென்று 2024 அக்டோபர் முதல் வரி இலாகா வைத்திருக்கும் வரம்பும் தாராளமானதே.

ஆனால் இந்த நியாயம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவர் இந்தத் தொகையில் 80 சதவிகிதத்தைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்கிறார். கம்பெனியில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு முன்னர் இருந்த அத்தகைய உரிமையோ, 2017-ல் இயற்றப்பட்ட வரிச் சட்டத்தால் 2018 முதல் நிறுத்தப்பட்டு, 2025-ம் ஆண்டுச் சட்டத்தால் நிரந்தரமாகவே பறிபோயிற்று. ஆகவே அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி, முதலாளி மனம் வைத்துத் தினப்படித் திட்டம் ஒன்றை ஏற்படுத்துவதுதான். உரிமையாக இருந்த ஒன்று தயவாக மாறிவிட்ட இந்த நிலைமையிலிருந்தே குறைபாடுகள் பலவும் கிளைக்கின்றன.

ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பாதிக்கும் மணமாகாத ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 250 நாட்கள் வெளியூரில் இருக்கிறார். நாளொன்றுக்கு 60 டாலர் வீதம் 15,000 டாலர் தினப்படியாகப் பிரிக்கப்படுகிறது. வருமான வரி 12 சதவிகிதமும், சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆகியவற்றுக்காகப் பிடிக்கப்படும் 7.65 சதவிகிதமும் அந்தத் தொகைக்கு இல்லாமற் போவதால், அவருக்கு ஏறக்குறைய 2,950 டாலர் மிச்சமாகிறது. இது அற்ப லாபமன்று. இதை விரும்புகிறவர்களைக் குறை கூறவும் முடியாது.

எனினும், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வரிக்கு உட்பட்ட சம்பளத்தையே ஆதாரமாகக் கொண்டு, மிக அதிகமாகச் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியில் கணக்கிடப்படுகிறது. பத்து ஆண்டுகள் இப்படி 15,000 டாலர் கணக்கில் சேராமற் போனால், அவை அந்த 35-க்குள் அடங்கும் ஆண்டுகளானால், நடுத்தர வருமானக்காரரின் ஓய்வூதியம் மாதத்துக்குச் சுமார் 114 டாலர் குறையும். இந்தப் பத்து ஆண்டுகளில் சமூகப் பாதுகாப்பு வரியாக அவர் மிச்சப்படுத்தியதோ 9,300 டாலர்தான். ஓய்வுபெற்ற ஏழு ஆண்டுகளுக்குள் அது முழுதும் கரைந்துபோகும், நஷ்டமோ ஆயுள் உள்ளவரை நீடிக்கும். வருமான வரியில் மிஞ்சிய பணத்தை ஒழுங்காகச் சேமித்து வைப்பவர் இதை ஈடுகட்டிவிடலாம் என்பது உண்மையே. வாரச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது சாத்தியம்?

விபத்து நேர்ந்தாலோ நஷ்டம் உடனே தெரியும். தொழிலாளர் நஷ்டஈடு பொதுவாகச் சராசரி வாரக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. தினப்படியைக் கூலியாகக் கருதாத மாநிலத்தில், நாம் பார்த்த ஓட்டுநருக்கு வாரம் 769 டாலருக்குப் பதிலாக 577 டாலரே கிடைக்கும். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு அந்த வித்தியாசம் சாமானியமானதன்று. வீடு வாங்கக் கடன் கேட்டுப் போகும்போதும், காகிதத்தில் சுருங்கிப்போன சம்பளம் தடையாக வந்து நிற்கக்கூடும்.

இவற்றுக்கு மேலாக, சில கம்பெனிகள் நிர்வாகச் செலவென்று சொல்லி, தினப்படியை ஏற்றவர்களுக்கு மைலுக்கு ஒரு சென்ட்டோ அதற்கு மேலோ கூலியைக் குறைக்கின்றன. 1,20,000 மைல் ஓட்டுகிறவருக்கு ஒரு சென்ட்டே 1,200 டாலர் ஆகிவிடுகிறது. நமது உதாரணத்தில் கம்பெனிக்குத் தன் பங்கு வரி 1,147 டாலர் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்கே வருமான வரி கட்டியபின் நிற்பது 906 டாலர். உணவுச் செலவில் 80 சதவிகிதமே கழிவுக்கு ஏற்கப்படுவதால் கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டம் 630 டாலர். லாபம் மிஞ்சி நிற்கையில், ஓட்டுநரின் கூலியிலும் கை வைப்பது அநியாயம் என்றே சொல்லவேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதிக்கு வெறுமனே பெயரை மாற்றிவிட்டுச் சலுகை பெறக்கூடாது என்று வரி இலாகா 2012-ல் வெளியிட்ட தீர்ப்பின் நோக்கத்துக்கும் இந்தப் பழக்கம் இசைவானதாகத் தோன்றவில்லை.

மிகுந்த வருத்தம் தருவது இன்னொரு விதி. வாடகை கொடுக்க வழியின்றி வீட்டைக் காலி செய்து, லாரியையே வீடாகக் கொண்டவர், வீட்டை விட்டு வெளியே இருப்பவராகச் சட்டத்தின் கண்ணில் ஆகமாட்டார். ஆகவே சலுகை மிகவும் தேவைப்படும் அவருக்கு அது இல்லை.

தினப்படியை ஒழித்துவிடவேண்டும் என்பது என் கட்சியல்ல. கழிவு பெறும் உரிமையைச் சட்டம் மீண்டும் ஓட்டுநரிடமே கொடுக்கவேண்டும். அதுவரையில், திட்டத்தில் சேர்வதும் விலகுவதும் அவர் விருப்பமாக இருக்கவேண்டும், அதற்காகக் கூலியில் ஒரு சென்ட்டும் குறைக்கலாகாது. கையொப்பமிடுவதற்கு முன், சேர்ந்தால் எவ்வளவு, சேராவிட்டால் எவ்வளவு, ஓய்வூதியத்தில் எவ்வளவு குறையும் என்ற மூன்று கணக்குகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே ஓட்டுநர்களுக்கு நான் சொல்லக்கூடியது.