நிறுவுநரின் செய்தியும் தொடக்கக் கிறித்தவப் போதனையும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

இயேசு இறையாட்சியின் வருகையை அறிவித்தார். அவருக்குப் பின் தோன்றிய திருச்சபை இயேசுவையே அறிவித்தது. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்னும் வினா ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளாக விவிலிய ஆய்வுலகில் எழுப்பப்பட்டு வருகிறது. தொடக்கக் கிறித்தவப் போதனை தன் நிறுவுநரின் செய்தியைத் திரித்துவிட்டது என்பார் ஒருசாரார். பழுதின்றிக் காத்தது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு நிலைப்பாடுகளையும் புதிய ஏற்பாட்டுச் சான்றுகளின் துணைகொண்டு மதிப்பிடுவதும், விலகல் உண்டெனின் அது நிகழ்ந்த இடம் யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

வினாவின் வரலாறு

செருமானிய அறிஞர் ரைமாருஸ் எழுதி வைத்தவற்றை அவர் மறைவுக்குப் பின் லெஸ்சிங் 1774 முதல் 1778 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இயேசுவின் நோக்கம் வேறு, சீடர்களின் நோக்கம் வேறு என்பது ரைமாருஸின் முடிபு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் விரேடே, பவுலைக் கிறித்தவத்தின் இரண்டாம் நிறுவுநர் எனக் கருதினார். பவுலே இயேசுவின் எளிய செய்தியை மீட்புக் கோட்பாடாக மாற்றினார் என்னும் பரவலான கருத்துக்கு இதுவே வலுச் சேர்த்தது.

இந்தியாவிலும் இவ்விவாதத்திற்குத் தனி வரலாறு உண்டு. இராசா இராம்மோகன் ராய் 1820இல் கல்கத்தாவில், நற்செய்தி நூல்களிலிருந்து அறவுரைகளையே பெரிதும் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்களும் கோட்பாட்டுப் பகுதிகளும் அதில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. செராம்பூர் மறைப்பணியாளர் யோசுவா மார்ஷ்மன் இதனைக் கடுமையாக மறுத்தார். ராய் 1820 முதல் 1823 வரை மூன்று மறுமொழி நூல்கள் எழுதினார். அறவுரையே செய்தி, கோட்பாடு பிற்சேர்க்கை என்பது ராயின் நிலைப்பாடு எனலாம். ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. இறையாட்சி அண்மையில் வரவிருக்கிறது என்னும் அவசரமே இயேசுவின் அறவுரைக்கு அடித்தளம். அதனின்று பிரித்துத் தொகுப்பவரும் ஒருவகையில் உரையாசிரியராகவே மாறிவிடுகிறார்.

சான்றுகளின் இயல்பு

இயேசு நூல் எதுவும் எழுதவில்லை. அவர் பேசியது அரமேயம். நமக்குக் கிட்டுவன கிரேக்க நூல்கள். அவர் சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30ஆம் ஆண்டு. பவுல் எழுதியவை என ஐயமின்றி ஏற்கப்படும் ஏழு திருமுகங்களும் ஏறத்தாழ 50க்கும் 60க்கும் இடைப்பட்டவை. மாற்கு நற்செய்தி 70ஐ ஒட்டியும், ஏனைய மூன்றும் அதன் பின்னரும் தோன்றியவை என்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. ஆகவே, திரித்தவர் எனக் குற்றஞ்சாட்டப்படும் பவுலின் எழுத்துகளே நம்மிடம் உள்ளவற்றுள் காலத்தால் முந்தியவை.

திருக்குறளுக்குப் பரிமேலழகர் கூறும் பொருளை மறுக்க விழைவோர்க்கு மூலம் தனியே கிடைக்கிறது. இங்கோ மூலமே உரையாசிரியர் வாயிலாகத்தான் வந்து சேர்கிறது. எனவே மூலத்தையும் போதனையையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் இயலாது. ஒரே கூற்று வெவ்வேறு நூல்களில் எவ்வாறு கையாளப்பட்டுள்ளது எனக் காண்பதே இயலும் வழியாகும்.

மணமுறிவுக் கூற்று: ஓர் உரைகல்

இவ்வகை ஆய்வுக்கு மணமுறிவு பற்றிய கூற்று சிறந்த சான்று. மாற்கும் (10:11-12) லூக்காவும் (16:18) விதிவிலக்கின்றி மணமுறிவைத் தடுக்கின்றனர். யூத வழக்கில் மணமுறிவு உரிமை பொதுவாகக் கணவனுக்கே உரியது. எனினும் மாற்கு, கணவனை விலக்கும் மனைவியையும் சேர்த்துக் கூறுகிறார். மனைவிக்கும் அவ்வுரிமை தந்த உரோமைச் சூழலுக்கேற்ப இக்கூற்று விரிக்கப்பட்டிருக்கலாம். மத்தேயு (5:32, 19:9) ஒழுக்கக்கேட்டை விதிவிலக்காக்குகிறார், அவ்விதிவிலக்கு இயேசுவின் வாய்மொழியாகவே அங்கு அமைகிறது.

பவுலோ (1 கொரிந்தியர் 7:10-15) தடையை ஆண்டவரின் கட்டளை என்று குறிப்பிடுகிறார். நம்பிக்கை கொள்ளாத துணைவர் பிரிந்து செல்லும் நிலை குறித்துத் தாம் தரும் தளர்வு ஆண்டவருடையதன்று, தம்முடையது என வெளிப்படையாக வேறுபடுத்துகிறார். நிறுவுநரின் சொல்லுக்கும் தம் சொல்லுக்கும் இடையே எல்லைக்கோடு வரைந்தவர் இங்குப் பவுலே என்பது புலனாகிறது. அவரைத் திரித்தவர் என்போர் இப்பகுதிக்கு விடை கூற வேண்டியவராவர். அதே வேளையில், மத்தேயுவின் விதிவிலக்கு பழுதின்றிக் காத்தனர் என்னும் வாதத்தையும் தளர்த்திவிடுகிறது.

சட்டமும் பிற இனத்தாரும்

உணவுத் தூய்மை பற்றிய பகுதி மற்றொரு சான்று. இயேசு எல்லா உணவுகளையும் தூயன ஆக்கினார் என்னும் விளக்கத்தை மாற்கு (7:19) தருகிறார். அதே நிகழ்ச்சியைக் கூறும் மத்தேயு (15ஆம் அதிகாரம்) அவ்விளக்கத்தைத் தரவில்லை. இயேசு இதனைத் தெளிவாக அறிவித்திருந்தால், பேதுரு அதனை ஏற்பதற்கு ஒரு காட்சி தேவைப்பட்டது (திருத்தூதர் பணிகள் 10) ஏன்? அந்தியோக்கியாவில் பேதுருவும் பவுலும் ஒரே பந்தியில் உண்பது குறித்து முரண்பட்டது (கலாத்தியர் 2:11-14) ஏன்? அவ்விவாதத்தில் பவுல் இயேசுவின் சொல் எதனையும் மேற்கோள் காட்டவில்லை. மேற்கோள் காட்டத்தக்க தெளிவான சொல் அவரிடம் இருந்ததில்லை என்று கருதுவதே பொருத்தம். நிறுவுநர் விடை கூறாது விட்ட வினாவுக்குச் சீடர் மரபு விடை காண நேர்ந்தது. இது திரிபு அன்று. எனினும் வெறும் பாதுகாப்பும் அன்று. துணிந்து மேற்கொண்ட விரிவாக்கம் எனலே தகும்.

விலகல் நிகழ்ந்த இடம்

விலகலைச் செல்வம் பற்றிய போதனையிலேயே தெளிவாகக் காணலாம். உள்ளவற்றை விற்று ஏழைகட்கு வழங்குமாறு செல்வர் ஒருவரிடம் இயேசு கூறுகிறார் (மாற்கு 10). லூக்காவில் (6:20) ஏழைகளே பேறுபெற்றோர். மத்தேயுவில் (5:3) அவர்கள் உள்ளத்தளவில் ஏழைகளாகின்றனர். பவுல் ஏழைகளை நினைவிற்கொள்ளும் கடப்பாட்டை ஏற்று, எருசலேம் ஏழைகளுக்கெனப் பொருள் திரட்டினார் (கலாத்தியர் 2:10, உரோமையர் 15:26). ஆதலின் இக்களத்திலும் குற்றம் அவரைச் சாராது.

ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, மீட்படையும் செல்வர் யார் என்பது குறித்துத் தனி நூல் எழுதினார். துறக்க வேண்டியது பொருளை அன்று, பொருள்மீது கொண்ட பற்றையே என்பது அவர் விளக்கம். எல்லாரும் வறியராயின் ஈவார் யார் என்னும் அவர் வினாவில் நடைமுறை அறிவு உண்டு. ஆயினும் செல்வரைத் துயருறச் செய்து அனுப்பிய சொல், இவ்விளக்கத்தில் அவரை ஆறுதலுடன் அனுப்பும் சொல்லாகிவிடுகிறது. கடுமையான கட்டளை மனப்பாங்காக மென்மையுறும் இம்மாற்றமே உண்மையான விலகல் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

எனினும் கிளமெந்து மென்மைப்படுத்தியது பொருளையே. பாடத்தை எவரும் நீக்கவில்லை. ஏறத்தாழ 270ஆம் ஆண்டளவில் எகிப்தின் அந்தோணியார், திருச்சபையில் வாசிக்கப்பட்ட அதே சொல்லைக் கேட்டுத் தம் நிலங்களைத் துறந்தார் என அத்தனாசியுசு எழுதிய வரலாறு கூறுகிறது. விளக்கத்தால் தணிக்கப்பட்ட சொல் வாசிப்பால் மீண்டும் உயிர்பெற்றது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பவுலைத் திரித்தவர் எனக் கூறுவதற்கு இங்கு ஆராய்ந்த பகுதிகள் இடந்தரவில்லை. இரண்டாவது, மாற்றமின்றிக் காக்கப்பட்டது என்னும் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. நற்செய்தி நூல்களே தம்முள் வேறுபடுகின்றன. மூன்றாவது, அவ்வேறுபாடுகளை ஒரே பாடமாக்கி மறைத்துவிடாமல், நான்கு நூல்களையும் அருகருகே வைத்துப் போற்றிய மரபு, தன்னை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலையும் தானே காத்துத் தந்துள்ளது. தொடக்கக் கிறித்தவம் தன் நிறுவுநருக்கு எப்போதும் உண்மையாக நடந்ததன்று. ஆயினும், நடவாத இடங்களை நாம் கண்டறிவதற்கான சான்றுகளை அழிக்காமல் விட்டது. நிறுவுநருக்கு அது காட்டிய உண்மை இவ்வளவினதே, இது சிறிதன்று.