முடிவு தெரிந்த போரில் முதலிடம்

"வெல்பவன் யார் என்று முன்னரே எழுதி வைத்துவிட்டு ஆடுகின்ற ஆட்டம்! அதில் முதலிடம் என்றும் மூன்றாமிடம் என்றும் தரம் பிரிப்பானேன்?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். கேட்க வேண்டிய கேள்விதான். தொழில்முறை மற்போரில் வெற்றியை முடிவு செய்வது மல்லனின் தோள் அன்று, நிர்வாகத்தின் ஏடு. இதை மறைப்பாரும் இன்று இல்லை.

எனினும், அமெரிக்க நாட்டு 'புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் 1991 முதல் ஆண்டுதோறும் ஐந்நூறு மல்லர்களை வரிசைப்படுத்தி வருகிறது. 2017-இல் அவ்வரிசையின் உச்சியில் நிறுத்தப்பட்டவர் ஜப்பானியரான கசுச்சிகா ஒக்காடா. தகுமா அந்த இடம்?

"பட்டம் இருந்ததே!" என்பர் சிலர். ஆம். 2016 ஜூன் 19-இல் பெற்ற ஐ.டபிள்யூ.ஜி.பி. பட்டத்தை 2018 ஜூன் 9 வரை, 720 நாட்கள், அவர் வைத்திருந்தார். பன்னிரண்டு முறை காத்தார். ஆனால் இது சான்றாகாது. கொடுத்த கையேதான் காக்கவும் வைத்தது. நாடகத்தில் அரசனாக வருபவனின் நடிப்பை அளக்க, அவன் தலையில் உள்ள முடியையா நிறுத்துப் பார்ப்போம்?

பின் எதை அளப்பது? கலையை அளப்போம்.

கனடா நாட்டுக் கென்னி ஒமேகாவுடன் 2017-இல் மும்முறை மோதினார் ஒக்காடா. ஒமேகாவின் இறுதிப் பிடிக்கு 'ஒன் விங்டு ஏஞ்சல்' என்று பெயர். அதில் சிக்கியவர் எழுவதில்லை என்பது அரங்கின் நம்பிக்கை. ஜனவரி 4, டோக்கியோ டோம்: நாற்பத்தாறு நிமிடங்களுக்கு மேல் போர், பிடி ஒருமுறைகூட நிறைவேறவில்லை. ஜூன் 11, ஒசாகா: பிடி நிறைவேறிற்று, ஒக்காடாவின் கால் கயிற்றைத் தொட்டது, அறுபது நிமிடம் கடந்தும் வெற்றி தோல்வி இல்லை. ஆகஸ்ட் 12, மீண்டும் டோக்கியோ: பிடி நிறைவேறிற்று, ஒக்காடா வீழ்ந்தார். ஒரே ஐயத்தை ஏழு திங்கள் மக்கள் நெஞ்சில் காத்தனர் இருவரும். முடிவை எழுதியது எந்தக் கையாயினும், அந்தத் துடிப்பைப் படைத்தவை இந்த உடல்களே!

குறை இல்லையா? உண்டு. அவருடைய நீண்ட போர்களில் முதற்பகுதி சோம்பிக் கிடக்கும். முடிவுக்குத் தொடர்பில்லாத பிடிகள் மலியும். ஜப்பானின் 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' நாளேடு, ஜனவரிப் போரையே ஆண்டின் சிறந்த போர் எனப் பாராட்டியும், சிறந்த மல்லர் விருதை டெட்சுயா நைட்டோவுக்கு அளித்தது. ஒரே ஆண்டு, இரு தராசுகள்!

ஆனால் இரு தராசுகளும் நிறுக்காத ஒன்றுண்டு. ஏப்ரல் 9 அன்று ஒக்காடாவை எதிர்த்த கட்சுயோரி ஷிபாட்டா, தம் தலையால் அவர் தலையை மெய்யாகவே மோதினார். நெற்றியில் குருதி வழிந்தது. கூட்டம் ஆர்த்தது. போர் முடிந்ததும் சாய்ந்தார் ஷிபாட்டா: மூளையை ஒட்டிய குருதிக் கசிவு, அவசர அறுவை. முழுப் போருக்கு அவர் திரும்பியது 2022 ஜனவரியில்தான். அந்த ஏப்ரல் போருக்கும் ஐந்து நட்சத்திரம் அளித்தார் திறனாய்வாளர் டேவ் மெல்ட்சர்!

முடிவு பொய், மண்டை பொய்யா? அடிபடாமலே அடிபட்டவனாய்க் காட்டுவதன்றோ இக்கலையின் உயிர்? மெய்யடி விழுந்த இடத்தில் கலை வளரவில்லை, தோற்றது.

ஆகவே என் தீர்ப்பு: ஒக்காடாவுக்கு முதலிடம் தகும். 720 நாள் பட்டத்துக்காக அன்று; ஏப்ரல் குருதிக்காகவும் அன்று. ஒசாகாவில் ஒரு மணி நேரம் உயிர்ப்போர் எனக் காட்டி, இருவரும் மறுபடி மோதும் உடலோடு மீண்டார்களே, அந்தத் திறனுக்காக!

தரவரிசை வகுப்போரே, நாளை உங்கள் தராசில் இதையும் வையுங்கள். கைதட்டுவோரே, எதற்குத் தட்டுகிறோம் என்று ஒரு கணம் எண்ணுங்கள். நாம் கேட்பதைத்தான் அரங்கு தருகிறது.